பொது உயில்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு சரவணன் போன் செய்தார். நான் வேலை பார்த்த கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையில் எனக்குப் பிறகு வந்தவர். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரர்.

"மேடம், ஒரு சின்ன உதவிங்க. 'நவீன அரசியல் கோட்பாடுகள்' பேப்பரை எடுத்துடலாமான்னு கமிட்டி போட்டிருக்காங்க. இன்னைக்கு அதுக்கு என்ன பொருத்தம் இருக்குதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

"எடுத்துட்டு என்ன வைக்கப் போறாங்க?"

"ஆபீஸ் திறன் மேம்பாடுன்னு ஒண்ணு."

"எப்ப வேணும்?"

"சாயங்காலத்துக்குள்ளங்க. ஒரு பக்கம் போதும். பாயின்ட் பாயின்ட்டா."

போனை வைத்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இருநூறு முந்நூறு வருஷமாக மனிதர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகள் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. எனக்கு ஒருவன் ஏன் உத்தரவு போடலாம்? நான் எதற்குச் சம்மதித்தேன்? எல்லாருக்காகவும் பேசுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த எல்லாரில் நான் இருக்கிறேனா? இவற்றுக்கு இன்று பொருத்தம் உண்டா என்று சாயங்காலத்துக்குள் பாயின்ட் பாயின்ட்டாகச் சொல்ல வேண்டுமாம்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். பதினேழு வயதிலிருந்து ஒரு நாள் விடவில்லை. அலமாரியைத் திறந்து பச்சை அட்டை போட்ட ஒன்றை எடுத்தேன். அதில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெண்ணாடத்தில் தமிழ் வழியில் படித்தேன். அப்பாவுக்குக் கரும்பு, எனக்குப் புத்தகம். முதுகலை முடித்து ஆறு வருஷம் தற்காலிக ஆசிரியை, பிறகு நிரந்தரம். விருத்தாசலத்திலேயே வீடு. ஐம்பத்து நான்காம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். நான் சொல்லப் போகிற மொழிபெயர்ப்பாளர் கையில் அந்தக் கடிதம் போயிருந்தால் எனக்கு 'உயில் ஓய்வு' கொடுத்திருப்பார்.

விடைத்தாள் மதிப்பீட்டு முகாம் எப்படி நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற ஒரு கல்லூரியின் பெரிய கூடம். காலை ஒன்பதரைக்குக் கையெழுத்து. ஆளுக்கு ஒரு கட்டு, இருபத்தைந்து விடைத்தாள். மாணவர் பெயர், பதிவு எண் எல்லாம் கிழித்து எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பொய் எண் ஒட்டியிருக்கும். நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். முதன்மைத் தேர்வாளர் பச்சை மையில் மேலாய்வு செய்வார். பச்சை சிவப்பை மாற்றலாம், சிவப்பு பச்சையை மாற்ற முடியாது. எல்லாருக்கும் மேலே 'கீ'. விடைக்குறிப்பு என்று யாரும் சொல்வதில்லை. கீ என்றுதான் சொல்வோம். அதில் இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் முதன்மைத் தேர்வாளர் பெயர் தணிகாசலம். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். கையில் ஒரு இரும்பு ஸ்கேல். அதை விடைத்தாளின் முதல் வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே போவார். கீயில் இருக்கிற சொல் அகப்பட்டால் ஸ்கேல் நிற்கும். பச்சைப் பேனா ஒரு டிக் போடும். மறுபடி ஸ்கேல் இறங்கும். இரண்டு சொல்லுக்கு நடுவில் அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்பது ஸ்கேலுக்குத் தேவையில்லை. ஒரு தாளுக்கு நான்கு நிமிஷம். நேர்மையானவர், யார் சிபாரிசுக்கும் மசியாதவர். அந்த நேர்மைதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த வருஷக் கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி, பத்து மதிப்பெண், கட்டாயம் எழுத வேண்டியது. ஆங்கிலத்தில் சரியாக இருந்தது. 'ஜெனரல் வில்' என்றால் என்ன, இன்று அதற்கு என்ன பொருத்தம்? தமிழில் நாங்கள் பொது விருப்பம் என்று நடத்துவோம். ஒவ்வொருவரும் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதைக் கூட்டிக் கழித்து வருவது இல்லை அது. நம் எல்லாருக்கும் எது நல்லது என்று எல்லாரும் சேர்ந்து யோசித்து வருகிற முடிவு. சமூக ஒப்பந்தக் கோட்பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தமிழில் அச்சாகியிருந்தது இது: "பொது உயில் என்றால் என்ன? இன்றைய சூழலில் அதன் பொருத்தப்பாட்டை விவரி."

ஆங்கிலத்தில் விருப்பத்துக்கும் 'வில்', சாகப்போகிறவர் எழுதி வைக்கிற பத்திரத்துக்கும் 'வில்'. அந்தச் சொல்தான் தமிழுக்கு வந்து உயிலாக உட்கார்ந்துகொண்டது. மொழிபெயர்த்தவர் பாடத்தைப் படித்தவராக இருக்க வழியில்லை. அகராதியில் இரண்டாவது பொருளை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கேள்வித்தாளோடு நிற்கவில்லை. கீயின் தமிழ்ப் பகுதியும் அதே கை. ஒன்று, பொது உயில் பிரிக்க முடியாதது. இரண்டு, பொது உயிலைப் பிறருக்கு மாற்றித் தர முடியாது. மூன்று, பொது உயில் நிரந்தரமானது. நான்கு, பொது உயில் எப்போதும் சரியானது.

என் கட்டைப் பிரித்து முதல் தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. "பொது உயில் என்பது தாத்தா எல்லாப் பேரன்களுக்கும் பொதுவாக எழுதி வைப்பது. இதைப் பங்கு பிரிக்க முடியாது. இன்றைய சூழலில் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவு செய்வது நல்லது." தணிகாசலம் சாரிடம் காட்டினேன். ஸ்கேல் இறங்கியது, நின்றது.

"பங்கு பிரிக்க முடியாதுன்னு எழுதியிருக்கான் பாருங்க. பாயின்ட் ஒண்ணு. ரெண்டரை மார்க்."

"சார், அவன் நெலத்தைப் பத்தி எழுதியிருக்கான்."

"எதைப் பத்தி எழுதினா என்னங்க? பாயின்ட் இருக்குதுல்ல."

அடுத்த தாளில் ஒரு மாணவர் 'பொது விருப்பம்' என்று எழுதி முறையாக விளக்கியிருந்தார். அதற்குத் தணிகாசலம் சார் போட்டது சைபர். கேட்டதற்கு விடை எழுதவில்லையாம்.

"சார், கேள்வியே தப்பு. கீயும் தப்பு."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "மேடம், தப்பா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே தப்புதானே இருக்குது? எல்லாருக்கும் ஒரே மாதிரின்னா அது நியாயம்தானுங்களே."

எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளுக்குச் சரியான கேள்வி, சரியான கீ. அடி விழுந்தது தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும். அவர்களிலும் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு. நான் இதைச் சொன்னேன். பக்கத்து மேசையில் எங்கள் மாவட்டத்து மங்களூர்க்காரர் முருகையன், எப்போதும் வம்பு, எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், இன்னைக்குப் புரட்சியா? டீக்கு முன்னாடியா, பின்னாடியா? சொன்னா அதுக்கேத்த மாதிரி வடை சொல்லிடுவேன்."

"உங்க கட்டுல எத்தனை பேரு உயில் எழுதியிருக்காங்க?"

"பதினாலு பேருங்க. ஒருத்தன் சாட்சிக் கையெழுத்தே போட்டிருக்கான்."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

டீ முடிந்து வந்து பதினோராவது தாளை எடுத்தேன். உருண்டையான, நிதானமான கையெழுத்து. பதினேழாவது கேள்விக்கு வந்ததும் முதலில் இரண்டு வரி இருந்தது: "ஐயா, கேள்வியில் உயில் என்று இருப்பது தவறு. விருப்பம் என்று இருக்க வேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்." அதன் பிறகு மூன்று பக்கம். பெரும்பான்மை சொன்னாலும் அது பொது விருப்பம் ஆகிவிடாது என்று எழுதி, ஏன் என்றும் சொல்லியிருந்தது. அந்த ஏன் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஒன்பது போட்டேன். மனசு நிறைந்தது.

அதோடு பக்கத்தைத் திருப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நான் ஒழுங்கானவள். கேள்வி தவறு என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே தணிகாசலம் சார் மேசைக்குப் போனேன்.

"சார், நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க. எழுதின பிள்ளையே கண்டுபிடிச்சிருக்குது பாருங்க."

ஸ்கேல் முதல் வரியிலேயே நின்றது. கீயில் இருக்கும் சொல்லுக்கு நிற்பதைவிடச் சட்டென்று நின்றது.

"ஐயான்னு இருக்குதுங்களே மேடம்."

"மரியாதைக்குப் போட்டிருக்குது சார்."

"யாருக்கு மரியாதை? நமக்குத்தானே? அப்ப நம்மகிட்ட பேசுது. விடைத்தாள்ல மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டு எதுவும் எழுதக் கூடாதுங்க. மொதப் பக்கத்துல ரூலே போட்டிருக்குது. இது அப்பீல். ஒழுங்கீனக் கேஸு."

"என்னைத்தான் கூப்பிட்டுதுன்னா அம்மான்னு எழுதியிருக்கணும் சார். நான்தானே திருத்தறேன்."

முருகையன் இந்த முறை சிரிக்கவில்லை. "சார், விட்டுடுங்க. ஐயான்னு கூப்பிடாம நம்ம ஊர்ல யாரு தப்பைச் சொல்றாங்க? கண்டக்டருகிட்ட ஸ்டாப் தாண்டிடுச்சுன்னு சொல்றதுக்கே ஐயா போடறோம்."

"நான் விடலாம்ங்க. ரூல் விடாதுங்களே."

அந்த விதி எதற்கு வந்தது என்பது எனக்குத் தெரியும். விடைத்தாளில் "எனக்கு அப்பா இல்லை, பாஸ் போட்டுவிடுங்கள்" என்று எழுதுவார்கள், கடவுள் படம் வரைவார்கள். அதைத் தடுக்க வந்தது. இந்தப் பிள்ளை இரக்கம் கேட்கவில்லை, தவறு என்று சொன்னது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஒரு இரும்பு ஸ்கேலால்தான் முடியும். ஒழுங்கீனம் என்று முடிவானால் அந்தக் கேள்வி மட்டும் போகாது, அந்தப் பருவத்தில் எழுதிய ஐந்து தேர்வும் ரத்தாகும். அது கடைசிப் பருவம்.

ஒழுங்கீனப் புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். 'கண்டறிந்த மதிப்பீட்டாளர்' என்ற இடத்தில் என் பெயரை அவரே எழுதியிருந்தார். மணி இரண்டே கால். அதிலிருந்து நாலு நாற்பது வரை மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எதிரில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். கோபமே இல்லை.

"மேடம், நீங்க கையெழுத்துப் போடலைன்னா கட்டு முடியாது. கட்டு முடியலைன்னா மத்த இருபத்திநாலு பேரு ரிசல்ட்டும் நிக்கும். ஒருத்தருக்காக இருபத்திநாலு பேரைத் தண்டிக்கணுமா? நீங்களே சொல்லுங்க, பொது நன்மைன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

இருபத்து மூன்று வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பொது நன்மை என்று சொல்லிக்கொண்டு ஒருவரைத் தூக்கிப் போடுகிறவனிடம்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று. இருபத்துநான்கு பேரின் ரிசல்ட்டை நிறுத்துவது அவர்தான், நான் இல்லை. இருந்தாலும் பழி என் மடியில் வந்து விழுந்தது. இதெல்லாம் பஸ்ஸில் வரும்போது தெளிவாகப் புரிந்தது. நாலு நாற்பதுக்கு அந்த மேசையில் புரியவில்லை. போட்டுவிட்டேன்.

குறிப்பு என்ற கட்டத்தில், அரை அங்குல இடத்தில், "வினாத்தாளில் பிழை உள்ளது" என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து முகாமுக்குப் போன் வந்தது. பதினேழாம் எண் போட்டிருக்கிற எல்லாருக்கும் பத்து மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. தாத்தா உயிலுக்குப் பத்து. எண்ணை மட்டும் போட்டுப் பக்கத்தை வெறுமையாக விட்டவருக்கும் பத்து. தவறு என்று சொன்ன தாள் மட்டும் அங்கே இல்லை. அது அரக்கு முத்திரை வைத்த உறையில் விசாரணைக்குப் போயிருந்தது.

ஆறு வாரம் கழித்து பல்கலைக்கழக அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். விருத்தாசலத்தில் காலை ஏழு மணி பஸ். எனக்கு முன் இருக்கையில் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கலாம். நகக்கண்ணில் வெள்ளை மண் படிந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படிக் கையைப் பார்த்தால் எங்கே வேலை என்று கேட்கத் தேவையில்லை. விசாரணை அறை வாசலில் அதே பெண் நின்றாள். பெயர் ஜெயக்கொடி. நல்லூர்ப் பக்கம். மதியம் வரை ஒரு தனியார் கல்லூரி, அதன் பிறகு தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஒட்டுப்போட்ட இடத்துப் பிசிறைச் சீவுகிற வேலை.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார். "ஏம்மா, பரீட்சை எழுதுறவ கேள்வியைத் திருத்தலாமா?"

"தப்பா இருந்துச்சுங்க ஐயா."

"தப்பா இருக்குதுன்னு முடிவு பண்ண நீ யாரு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை, கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. "எங்க கம்பெனில அச்சுல கீறல் இருந்தா மொதல்ல பாக்குறது நாங்கதாங்க. எல்லாப் பொம்மைக்கும் மூக்குலயே கோடு வரும். உடனே மேஸ்திரிகிட்ட சொல்லணும். சொல்லலைன்னாதான் திட்டு. இங்கயும் அச்சுதானேங்க தப்பு?"

மூன்று பேரில் ஒருவர் குனிந்து தாளைப் பார்ப்பது போல் வாயை மறைத்துக்கொண்டார். நடுவில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். நான் கேள்வி தவறு என்றேன், கீ தவறு என்றேன், குறிப்பில் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் கோப்பைப் புரட்டி, தட்டச்சு செய்த பிரதியை என் பக்கம் நகர்த்தினார். 'குறிப்பு: இல்லை' என்று இருந்தது. என் அரை அங்குலத்தையும் யாரோ சுத்தம் செய்திருந்தார்கள்.

"நாங்க கேள்வித்தாளை விசாரிக்க உக்காரலைங்க மேடம். இந்தப் பொண்ணைத்தான் விசாரிக்கிறோம்," என்றார். பிறகு அவளிடம், கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடும்மா. எச்சரிக்கையோட விட்டுடறோம். ரிசல்ட்டும் வந்துடும். எழுத மாட்டேன்னா அஞ்சு பேப்பரும் போயிடும்."

வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, அதே உருண்டைக் கையெழுத்தில், அவசரப்படாமல் எழுதினாள். நடுவில் இருந்தவர் வாங்கினார். ஸ்கேல் இல்லை, ஆள்காட்டி விரல். விரல் வரிகளில் இறங்கி, 'மன்னிக்கவும்' என்ற சொல்லில் நின்றது. 'இனிமேல்' என்ற சொல்லில் நின்றது. தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நகர்த்தினார்.

நான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு, என் பேனாவில், மிகவும் தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே இருக்கை. டிக்கெட் எடுத்து முடித்ததும் அவள் கேட்டாள்.

"நீங்கதான் புடிச்சுக் குடுத்தீங்களாம்மா?"

"ஆமா. உன் தாளைக் காட்டினா கேள்வியைத் திருத்துவாங்கன்னு நினைச்சேன்."

பிளாஸ்டிக் கவரை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"அதுக்கு எத்தனை மார்க்கு போட்டிருந்தீங்க?"

"ஒம்பது."

"ஒண்ணை ஏங்க கொறச்சீங்க?"

"இன்றைய பொருத்தப்பாடு கேட்டிருந்தது. கடைசியில உதாரணம் போதலை."

அப்போதுதான் சிரித்தாள். "இப்ப இருக்குதுங்கம்மா."

அவளுக்கு ரிசல்ட் வந்தது. பதினேழாவது கேள்விக்கு எல்லாரையும் போல பத்து. ஆனால் அது வந்தபோது பி.எட். சேர்க்கை முடிந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் பொம்மை மூக்கைச் சீவினாள். அந்த ஒரு வருஷத்துக்கு யாரும் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. கேள்வித்தாளை எழுதியவர் யார், மொழிபெயர்த்தவர் யார், பத்து மதிப்பெண் ஏன் வாரிக் கொடுக்கப்பட்டது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. அந்த அலுவலகத்தின் காகிதங்களில் அப்படி ஒரு பிழை நடந்தது என்று சொல்லி, முத்திரையும் வாங்கியிருக்கிற ஒரே காகிதம் ஜெயக்கொடியின் மன்னிப்புக் கடிதம்தான். தவறு செய்தவர்கள் ஒரு வரி எழுதவில்லை. கண்டுபிடித்தவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சரவணனுக்குச் சாயங்காலம் நாலரைக்கு ஒரு பக்கம் அனுப்பிவிட்டேன். அன்றைக்கு விசாரணை அறை வாசலில் நின்று, படித்த சூட்டோடு நினைவிலிருந்து நாட்குறிப்பில் எழுத்துப் பிசகாமல் எடுத்து வைத்த நகல். மேலே நான் எதுவும் சேர்க்கவில்லை, பாயின்ட்டும் போடவில்லை. அது இது:

"ஐயா, வினா எண் பதினேழில் விருப்பம் என்று இருக்க வேண்டிய இடத்தில் உயில் என்று தவறாக அச்சிடப்பட்டிருந்ததை, நான் விடைத்தாளில் சரியாகச் சுட்டிக்காட்டியதற்கு என்னை மன்னிக்கவும். இனிமேல் தாங்கள் தரும் வினாத்தாளில் எத்தனை தவறுகள் இருந்தாலும் சுட்டிக்காட்ட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஜெயக்கொடி."